ஓதம்

மழை என்றார்.
லென்ஸைத் திருகிக் கழற்றி
வளையத்தின் உட்புறம் விரலை ஓட்டி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
மழைக்கு இந்த ருசி கிடையாது.

தல்காவேயில் முக்கால் வருடமும் மழைதான்.
எது கெட்டாலும் பழியை அதன் தலையில் போடுவது
எல்லோருக்கும் வசதி.
ஏரியில் விழுந்ததென்றால் சேறு மணக்கும்,
பீர் என்றால் பொத்தான் ஒட்டும்,
பாத்திரத் தொட்டி என்றால் சோப்பு.
பதினொரு வருடமாக என் நாக்கு
இந்த ஊரின் பொய்களைத் தரம் பிரிக்கிறது.

எப்போது நனைந்தது?
சனிக்கிழமை.
இன்று வியாழன்.
நனைந்ததும் என்ன செய்தீர்கள், தோன் அபெலார்தோ?
வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.

எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்,
மூழ்கியவனைக் கரையில் இழுத்துப்போட்டு
எங்கே, கொஞ்சம் நடந்து காட்டு என்பதுபோல.

பிறகு அரிசியில் புதைத்திருக்கிறார்.
ஷட்டர் இடுக்கில் ஒரு குருணை
ஊறிப் பருத்துக் கிடந்தது.
சாமணத்தால் எடுத்துக் காட்டினேன்.
அரிசியால் ஆகிற காரியம் சோறு மட்டும்தான்.

பதினேழு திருகாணிகள்
முட்டை அட்டையில் வரிசையாக.
பதினெட்டாவது வரவில்லை, தலை வழுக்கிவிட்டது,
துளைத்துத்தான் எடுத்தேன்.
உள்ளே ஒரே பச்சை.
பாட்டரிக் கூட்டில் வெள்ளைப் பொருக்கு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
உலோகம்தான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.
லென்ஸுக்குள் பாதி உயரத்தில் ஒரு கோடு,
ஓதம் ஏறி நின்ற இடம்.

கடலாக இருந்தால், என்றேன்,
அப்போதே பாட்டரியைப் பிடுங்கிவிட்டு
வாளி நல்ல தண்ணீரில் முழுசாக முக்கி
வாளியோடு தூக்கி வந்திருக்க வேண்டும்.
தண்ணீரில் விழுந்ததைத் தண்ணீரிலா?
ஆமாம். காற்றுப் பட்டால்தான் அரிக்கும்.
ஆனால் உங்களுடையது மழையாயிற்றே.
அவர் விறகடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டை மட்டும் பிழைத்தது.
ஏணிப் பயிற்சி, புதுக் குழாய்,
யாருக்கோ பிறந்தநாள், கோணலாய் ஒரு கேக்.
பிறகு சனிக்கிழமை.
கடலில் ஒரு வீடு.

இந்தப் பக்கத்தில் வீடு மாறுவதென்றால்
சிலசமயம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவார்கள்.
கின்ச்சாவோ தீவிலிருந்து இக்கரைக்கு
அடியில் பீப்பாய்கள் கட்டி
இரண்டு படகுகள் இழுக்க
வாசற்படி நனைய வருகிறது மஞ்சள் வீடு.
நெல்தா பாரியாவின் வீடு.
ஆறு வருடம் முன்புவரை
வேறு யாருடையதாகவும் இருந்தது என்று
ஊருக்கே தெரியும்.

அறுபது படங்கள்.
அறுபதிலும் அதே மாடி ஜன்னல்,
கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருகிறது.
திரைச்சீலை இருக்கிறது. ஆள் இல்லை.

அறுபத்தொன்றில் அடிவானம் செங்குத்தாய் நிற்கிறது.
படகின் விளிம்பு, ஒரு சட்டைக் கை,
உயர்ந்து விரிந்த உள்ளங்கை.
அடுத்தது முழுக்கப் பச்சை.

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய காமிரா.
வாரைக் கழுத்தில் போட்டிருக்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
காமிரா தீர்ந்தது, லென்ஸும்தான் என்றேன்.
என்னுடையதில்லை, ரொசால்பா, என்று
அடிப்பக்கத்தைத் திருப்பினார்.
ஊர்த் தீயணைப்புக் குழுவின் முத்திரை.
தண்ணீரால் போனது தீயணைப்புக் காமிரா.
முதலில் அவர்தான் சிரித்தார்.

பொருளாளருக்குக் காட்ட ரசீது வேண்டுமாம்.
பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
மழை, என்று எழுதினேன்.
இரண்டு முறை படித்தார்.

ஏணியும் கேக்கும் குழுவின் அட்டையிலேயே இருக்கட்டும்,
மற்றவற்றை வேறொன்றில் மாற்றித் தந்தேன்.
பச்சையும் வேண்டுமா என்றதற்குத்
தலையசைத்தார்.

வெளியே, சொல்லிவைத்தாற்போல், மழை.
கதவருகே நின்று
இனி ஒரு படமும் எடுக்காத அந்தக் காமிராவை
மேல்சட்டைக்குள் சொருகி
கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு
குனிந்தபடி ஓடினார்,
ஒரு சொட்டும் அதன்மேல் படாமல்.