வலப்பக்கக் கட்டம்

சம்பளப் பிரிவின் சுவரில்
செலோடேப் மஞ்சளித்துத் தொங்குகிறது அட்டவணை.
மேலிருந்து கீழே வருடங்கள்,
இடமிருந்து வலமாகப் பட்டங்கள்.
கீழே இறங்க எதுவும் செய்ய வேண்டாம்,
டுலூத் நகரத்துப் பனியில்
வழுக்கி விழாமல் இருந்தால் போதும்.
வலப்பக்கம் நகரத்தான்
படிக்க வேண்டும்.

பதினேழு வருடமாக
ஆசிரியர்களை நகர்த்துகிறேன் நான்,
பேனா முனையால்
ஒரு கட்டம்,
அபூர்வமாக இரண்டு.

ஐலா நீமெலா, நான்காம் வகுப்பு.
ஒன்பதாவது வரி, முதல் கட்டம்.
மூன்று குளிர்காலம் சனிக்கிழமைதோறும்
துறைமுகச் சாலை ஹார்டுவேர் கடையில்
ஆணி நிறுத்துக் கொடுத்தாள்.
மற்ற இரவுகளில் முதுகலை:
காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தல்.

'பிள்ளைகளுக்காகவா' என்றேன் ஒருமுறை.
இந்தக் கேள்விக்கு ஆமென்று சொல்லாதவர்களை
நான் பார்த்ததில்லை.
'வீட்டுக் கூரைக்காக' என்றாள்.
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி,
'வெண்டலுக்காகவும்.
முதல் வரிசையில் உட்கார வைத்தால் போதுமென்று
ஒரு வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.
அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
நான் கரும்பலகையைப் பார்த்துப்
பேசிக்கொண்டே இருந்தேன்.'

விதி என்னுடையதல்ல:
செப்டம்பர் முப்பது, மாலை நாலரை.
மதிப்பெண் பட்டியல் அதற்குள் வராவிட்டால்
அடுத்த வருடம்தான்.
பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்திருந்தது,
வண்டி நிறுத்திய அபராதம்
பதினெட்டு டாலர் பாக்கியாம்.
மதிய இடைவேளையில்
தாழ்வாரத்தில் நின்று போனிலேயே கட்டினாள்.
வருடத்துக்கு ஐயாயிரத்து இருநூறு
அந்தப் பதினெட்டின் நுனியில்
தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு இருபது.
என் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும்,
அதைச் சரிசெய்ததே இல்லை.
நாலு இருபத்தாறுக்கு
அச்சு இயந்திரம் இருமியது.

சூடு ஆறாத தாளின் ஓரத்திலேயே
அவள் கணக்குப் போட்டாள்.
மாதம் நானூற்று முப்பத்து மூன்று கூடும்.
வரியும் ஓய்வூதியமும் நூற்று இருபத்தெட்டு.
படிப்புக் கடன் இருநூற்று அறுபத்திரண்டு.
மீதி நாற்பத்து மூன்று.
சிரித்தாள். 'ஒரு ஓட்டுக்குக் காணும்.'
நான் சொன்னேன்: கடன் பத்து வருடத்தில் தீரும்,
கட்டம் தீராது.
நானே நம்பிச் சொன்ன சில வாக்கியங்களில்
அதுவும் ஒன்று.

அவள் பெயரை இரண்டு கட்டம் நகர்த்தினேன்.
எனக்கும் ஒரு அட்டவணை இருக்கிறது,
இழுப்பறையில்.
அதற்கு வலப்பக்கம் கிடையாது.
நான் எதைப் படித்தாலும்
கீழேதான் இறங்க வேண்டும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

'சம்பாதிப்பதற்குச் சைகை உண்டா?'
என்று மட்டும் கேட்டேன்.
இடது உள்ளங்கையை விரித்தாள்.
மேசையில் சிந்திய சர்க்கரையை
வழிப்பது போல
வலது கையால் அதன் மேல் ஒரு வழிப்பு,
பிறகு முட்டியை மூடித்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
அவ்வளவுதான்.
வெண்டல் இதை
எப்போதும் இரண்டு முறை செய்வானாம்,
ஒன்று போதாதென்று.

அவள் போன பிறகு
ஏரியில் இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
நீளமாகக் கூவியது.
விளக்கை அணைக்கும் முன்
நானும் செய்து பார்த்தேன்.
உள்ளங்கையில் ஒன்றும் இல்லை,
இருந்தும் விரல்கள்
மூடிக்கொண்டன.