காந்தத்துக்குக் கீழே

பழைய பிரிட்ஜை ஏற்றிப்போக
பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள்.
அதற்குள் கதவில் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும்:
பள்ளிக்கூடக் கலண்டர், பல் வைத்தியரின் அட்டை,
வீட்டைப் பார்க்க வருவதாக ஏஜென்ட் போட்ட கடிதம்,
அந்தப் படம்.

துங்காபியில் எங்கள் குசினி மேற்கு பார்த்தது.
நாலு மணி வெயில் சிங்க்கைத் தாண்டி
நேரே பிரிட்ஜில் வந்து விழும்.
ஜனவரியில் அதற்கு இரக்கமே இல்லை.

நான்தான் அச்சடித்தேன், ஒரு சனி இரவு,
மலிவு விற்பனையில் வாங்கிய பிறிண்டரில்.
பிறிண்டரைவிட மை விலை.
ஊசி வாங்கி, காலிக் குப்பிக்குள் நானே ஏற்றினேன்;
மூன்று நாள் நகக்கண்ணில் நீலம்.
முதல் பிரதியில் எல்லார் முகத்திலும் கோடு விழுந்தது.
இரண்டாவதை, காயுமுன்னே தூக்கிப் பார்த்து
“கடையில கழுவினது மாதிரியே இருக்கு” என்றாள் சுகந்தினி.

நீலம்தான் முதலில் போனது.
அவளுடைய பச்சைச் சேலை மஞ்சளாயிற்று.
முற்றத்து ஜக்கரண்டா, நவம்பரில் பூத்து நின்றது,
ஊதாவை விட்டுச் செங்கல் நிறத்துக்கு வந்தது.
ஐந்தாவது பிறந்தநாள் கேக்கின் முன்னால் அபிரா
காய்ச்சல்காரப் பிள்ளை போல.

மைக்கடையில் ஒரு லெபனான் பெடியன் விளக்கினான்.
சீனி கரைகிற மாதிரிக் கரைந்த மை இது,
கடதாசிக்குள் இறங்கும், வேர் பிடிக்காது.
ஒருபக்கம் வெளிச்சம் உடைக்கும்,
மறுபக்கம் காற்றிலுள்ள ஓசோன் தின்னும்.
விலைகூடிய மையில் நிறம் தூளாக நிற்கும்,
ஆற்றடி மண் மாதிரி, நெடுநாள் கிடக்கும்.
கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டிருக்கலாமே, என்றான்.
போட்டிருக்கலாம்.
மூலப்படம் இருந்த கணினியும் செத்துவிட்டது.

இனி, காந்தம்.
வட்டமானது. குழாய் அடைப்பா, நடுச்சாமத்திலும் அழையுங்கள்
என்று எழுதி, கீழே ஒரு நம்பர்.
படம் விழாமல் நிற்க மேல்மூலையில் வைத்தாலே போதும்.
நான் வைத்தது நிமலரூபனின் முகத்தில்.

பின்னறையில் இரண்டு வருடம் இருந்தவன்.
அபிராவுக்குச் சைக்கிள் பழக்கியவன்.
வான் வாங்கக் காசு கேட்டான், கொடுத்தேன்.
மில்டுராவுக்குப் போனான், அவன் நம்பர் மாறியது.
“அவன்ர சாயம் வெளுத்துப்போச்சு” என்று
எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருப்பேன்.
வெட்டி எறியத்தான் கத்தரிக்கோல் எடுத்தேன்.
அவன் கை அபிராவின் தோளில் இருந்தது;
வெட்டினால் தோளும் போகும்.

இன்று காலை காந்தத்தை உரித்தெடுத்தேன்.

மீசை கறுப்பு.
சட்டைக் கொலர் அசல் நீலம்.
தலைக்குமேல் ஒரு கைப்பிடி ஜக்கரண்டா, ஊதாவாகவே.
பல் தெரியச் சிரிக்கிறான்,
நேற்றுத்தான் எடுத்தது போல.
சுற்றிவர நாங்கள் மூவரும்
பால் கூடிய தேத்தண்ணி நிறத்தில்.
வட்டத்துக்கு வெளியே இருந்த அவன் கை மட்டும்
எங்களோடு சேர்ந்து வெளுத்திருந்தது,
தோளைவிட்டு எடுக்காமல்.

எவ்வளவு கொடுத்தேன்?
நாலாயிரம் டொலரா, நாலாயிரத்து இருநூறா?
“மூவாயிரம்” என்றாள் சுகந்தினி,
பாத்திரம் கழுவியபடி, திரும்பாமல்.

புதிய பிரிட்ஜ் வந்தது. மினுங்கும் கதவு.
அதில் காந்தம் ஒட்டாது.
குழாய்க்காரரை லாச்சிக்குள் போட்டேன்.
படத்தை நாலு மூலையிலும் டேப் வைத்து
பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

“அங்கயும் வெயில் படுமெல்லோ?”

படட்டும்.
இவ்வளவு வருடம் அவன் மட்டும்
தனியாக இருந்துவிட்டான்.