லிப்ட் குழிக் கணக்கு

சனிக்கிழமை இரவு ஏழரையிலிருந்து பத்து நிமிடம்.
அவ்வளவுதான் கேட்டார்கள்.
ஓரிடத்தில் நில்லுங்கள், கேட்பதை எழுதுங்கள்.
ஒன்றும் கேட்காவிட்டால்
ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதுங்கள்,
அதுவும் கணக்கில் சேரும்.

படிவம் மூன்று மொழியிலும் வந்தது.
சிங்களத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர்.
தமிழ்ப் பக்கத்தில்
தவளை
தவளை
தவளை
தவளை
கடைசிப் பெட்டியில் மட்டும், இரக்கப்பட்டு, தேரை.

எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்குக் குளமில்லை, வயலில்லை.
முன்னால் ரயில், அதற்கப்பால் உப்புக் கடல்,
பின்னால் இன்னொரு ஃப்ளாட்டின் குளியலறை யன்னல்கள்.
உள்ளதெல்லாம் ஒரு லிப்ட் குழி.
ஒக்டோபர் மழைக்கு அது முழங்கால்வரை நிறையும்.

முதல் கிழமை அனுப்பிய ஒலிப்பதிவுக்கு
உதாரி என்ற பிள்ளை
தட்டுத்தடுமாறிய தமிழில் பதில் போட்டாள்:
"அன்ரி, இது தவளை இல்லை. ஜெனரேட்டர்."

இரண்டாம் கிழமை லிப்ட் நின்றது.
செயலாளர் மகேந்திரராஜா
ஒரு வாளி குளோரினோடு வந்து நின்றார்.
ஏழு மாடி ஏறிய முழங்கால்கள் எல்லாம் அவர் பக்கம்.
என்னுடையவையும்தான், பொய் சொல்வானேன்.

ரிஃப்கான் பம்ப் கொண்டுவந்தான்.
கதவை நெம்பி டோர்ச் அடித்தான்.
எண்ணெய்ப் படலம் மிதக்கும் கறுத்த நீருக்கு மேலே
சுவரில், ஒரு கைப்பிடியளவு, வெள்ளை நுரை.
"ஆரோ சவர்க்காரத் தண்ணி ஊத்தியிருக்கினம்"
என்று செயலாளர் சொல்லி முடிக்கவில்லை,
நுரை கசிந்து
ஒரு சொட்டு விழுந்தது.
விழுந்த சொட்டு
வாலாட்டி நீந்திப் போனது.

பம்ப் ஓடவில்லை.
ரிஃப்கான் சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

பிறகு நடந்தது பெரிய காரியமொன்றுமில்லை.
மூன்றாம் மாடித் தாதி வினோதினி
ஐஸ்கிரீம் டப்பா தந்தாள்.
நுரையைச் சுரண்டி எடுத்தது ரிஃப்கானின் பெயின்ட் தகடு.
மொட்டைமாடியில் என் பழைய பேசினுக்கு
மழைத் தண்ணீர்.
"டெங்குக்காரர் வந்தால் தண்டம் ஆர் கட்டுறது?"
நியாயமான கேள்வி.
கிழிந்த நுளம்புவலையை நாலாய் மடித்து மூடினோம்.
கேள்வியைப் படிவத்தில்
'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினேன்.

வாயால் கெடுமாம் நுணல்.
குழி வற்றிய பிறகும் எங்கோ இருந்து
டொக் என்றது ஒன்று.
பேசாமல் இருந்திருந்தால்
அது இருப்பதே யாருக்கும் தெரிந்திராது.

இந்தச் சனி, ஏழு இருபத்தெட்டுக்கு
என் கதவைத் தட்டியவர் மகேந்திரராஜா.
சாரத்தோடு, செருப்பில்லாமல்.
"கெதியா வாங்கோ. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால."

நின்றோம்.
ரயில் போனது.
பக்கத்து ஃப்ளாட்டில் யாரோ தேங்காய் துருவினார்கள்.
ஆறாவது நிமிடத்தில், டொக்.
தமிழ்ப் பெட்டியில் தவளையை வெட்டி
நுரைத்தவளை என்று எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.

இரண்டு என்கிறார் செயலாளர்.
மற்றது ஜெனரேட்டர் என்று
நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.