மூன்றாம் படி

உச்சிமாகாளி கிணற்றின் ஐந்தாம் படியில் நின்று
நெஞ்சுக்கு நேரே சுவரில் கை வைத்தாள்.
"இங்கனதான் கெடந்துச்சு. மூணாம் படிக்குக் கீழ.
வாயத் தொறக்காம, ரெண்டு ஓடும் ஒட்டினபடி."

வெட்டிப்போட்ட மண் போன ஐப்பசியிலேயே
கொடிக்காலுக்குப் போகும் வண்டிப்பாதையாகிவிட்டது.
மிஞ்சியது ஒரே ஒரு சிப்பி.
அவள் மகன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தான்,
உடைந்த காம்பஸோடு.

ஏரலைத் தாண்டி இந்த வயலிலிருந்து
கடலுக்கு பஸ்ஸில் அரை மணி.
அன்று கடல் இங்கேயே இருந்தது.

பிறகு நடந்ததை அவளிடம் இப்படிச் சொன்னேன்:
கனடா மேல் கிடந்த பனி உருகிப் போச்சு.
அமுங்கிக் கிடந்த தரை எழும்ப ஆரம்பிச்சது.
அதுக்கு அடியில போய்ச் சேர
அக்கம்பக்கத்துப் பாறை ஊர்ந்தது.
பாறைதான். சுத்தியலுக்கு உடையும்,
ஆயிரம் வருஷம் கொடுத்தால் வழியும்.
அது விட்டுப்போன இடம் கடலடியில் தாழ்ந்தது,
தாழ்ந்த இடத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது,
உன் கிணற்றிலிருந்தும் கொஞ்சம் போனது.
எவ்வளவு மெதுவாகப் போனது என்று தெரிந்தால்
அந்தப் பாறையின் பாகுநிலை தெரியும்.

"பாகா?" நிமிர்ந்தாள்.
"கம்பிப் பதமா, உருட்டுப் பதமா?"

ஒன்று போட்டு இருபத்தொரு சுழி, என்றேன்.
கருப்பட்டி காய்ச்சுகிறவளுக்கு
அது ஒரு பதமாகவே படவில்லை.

ஜங்ஷன் லாட்ஜில் இரவு கணக்கு ஓடியது.
ஆழத்தில் பாறை இறுகியிருந்தாலும் சரிவருகிறது.
பத்து மடங்கு இளகியிருந்தாலும் சரிவருகிறது,
பனி உருகிய தேதியைச் சற்றுத் தள்ளிவைத்தால்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமாம்.
இந்தப் பானைக்குப் போதவில்லை.

இரண்டு விடைக்கும் நடுவே உள்ள தூரம்
இந்தக் கிணற்றில் ஒரு சாண்.
அவள் கையோ
மூச்சு இழுக்கும்போது உயர்ந்தது,
விடும்போது தாழ்ந்தது.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:
மூன்றாம் படி, கூட்டல் கழித்தல் ஒரு சாண்.

கிளம்பும்போது வாளியில் மொண்டு நீட்டினாள்.
"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, கரிக்குதா?"
கரித்தது, லேசாக.
உங்களுக்கே தெரிந்திருக்குமே என்றேன்.
"தெரியும்.
இன்னொரு வாயும் சொல்லட்டும்னு கேட்டேன்."