உயிலில் ஒரு வரி

லூனன்பர்க் துறைமுகத்தில் மழை.
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல்
வக்கீல் அறையில் அக்காளும் தங்கையும்.

‘த போட்ஸ் அண்ட் த ஷெட் பிஹைண்ட் த சர்ச்’
மெர்லுக்கு.
மிச்சமெல்லாம் ஒடெஸ்ஸாவுக்கு.

சர்ச்சுக்குப் பின்னால் கிடக்கும் படகு இரண்டு,
அடி இற்றவை.
துறையில் மிதப்பவை மூன்று.

‘அண்ட்’ முதலில் முடிச்சுப் போட்டு
‘பிஹைண்ட்’ இரண்டையும் சேர்த்து இழுத்ததா,
கொட்டகையை மட்டும் பிடித்துக்கொண்டதா?

தட்டச்சு செய்தவள் நான்.
கிழவர் ஸ்விக்கர் ஒரே மூச்சில் சொன்னார்,
இருமலுக்குக்கூட நிறுத்தவில்லை.

“சொல்லும்போது
அப்பா கை எந்தப் பக்கம் காட்டியது?”
ஒடெஸ்ஸா கேட்டாள்.

ஜன்னல் பக்கம்.

அந்த ஜன்னலில்
சர்ச் கூம்பும் தெரியும்,
கடலும் தெரியும்.