நன்றி அறிவித்தல்

இருபத்தைஞ்சு சொல்லுக்கு ஒரு விலை,
அதுக்கு மேல ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக்காசு
எண்டு பத்திரிகைக்காரர் சொல்லிப்போட்டினம்.
அம்மா இப்பவே நூற்றிப் பத்தில நிக்கிறா.

நான் கொப்பித் தாளில எழுதுறன்.
அவா விளைமீனுக்குச் செதில் சீவிக்கொண்டு சொல்லுறா:
"எழுது பிள்ளை. கச்சான் காத்து. ரெண்டு இரவு.
மகன் எஸ்தாக்கி. கையில ஒரு மஞ்சள் கலன்.
கோடி அற்புதர் கடலுக்கு மேலால நடந்து வந்து..."

"நடந்து வரேல்லை."
வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா தலை நிமிரேல்லை.
"பதினைஞ்சு குதிரைவலு மோட்டாரில வந்தது.
தாவீதின்ர மோட்டார்."

ஒன்பது வருசம்
இந்த வீட்டில கேக்காத பெயர்.
அப்புவின்ர வள்ளம் வித்த காசில
அஞ்சாயிரம் குறைஞ்ச நாள் தொடக்கம்
சித்தப்பா கோயிலில ஆண்கள் பக்கம் கடைசி வாங்கு,
அப்பா முன் வாங்கு.
சமாதானம் சொல்லுற நேரம் ரெண்டு பேரும்
முன்பின் தெரியாதவைக்குத்தான் கை குடுக்கிறது.

எஸ்தாக்கி வராத அண்டு
அவருக்கு ஒருத்தரும் சொல்லி அனுப்பேல்லை.
கரையில நிண்ட பெடியளிட்டைக் காத்துத் திசை கேட்டாராம்.
சித்தி காதில கிடந்த தோட்டைக் கழட்டி
மண்ணெண்ணெய் ஆக்கினாவாம்.
இதெல்லாம் பிறகு மீன் சந்தையில கேள்விப்பட்டது.

அந்த ரெண்டு இரவும் அம்மா செய்தது எனக்குத் தெரியும்.
செபமாலை உருட்டி விரல் நோக
எழும்பிப் போய் அந்தோனியார் சுரூபத்தின்ர
கையிலிருந்த குழந்தை யேசுவைக் கழட்டி
அரிசி வாளிக்குள்ள வைச்சு மூடினவா.
"என்ர பிள்ளையைக் கொண்டு வா,
உன்ர பிள்ளையைத் தாறன்."
அண்டைக்கு அரிசி எடுக்க எனக்குக் கை கூசிச்சுது.
பாண் வேண்டிச் சாப்பிட்டம்.

இப்ப குழந்தை திரும்பக் கையில,
பசை போட்டு ஒட்டினது, கொஞ்சம் சரிவாய்,
தகப்பன்ர தோளில நித்திரைத் தூக்கத்தில கிடக்கிறது மாதிரி.

எஸ்தாக்கியைக் கேட்டன், கிணத்தடியில, தனிய.
உதடு இன்னும் ஆறேல்லை. சொன்னான்:
"ஒருத்தரும் நடந்து வரேல்லை அக்கா.
முதல் இரவு மன்றாடினன்.
ரெண்டாம் இரவு தூசணத்தில ஏசினன்.
அந்தோனியாரை, கடலை, அப்பாவை, எல்லாரையும்.
விடியச் சித்தப்பான்ர சத்தம் கேட்டுது,
அவரும் தூசணத்திலதான் என்னை ஏசிக்கொண்டு வந்தவர்.
பதில் வந்திட்டுது எண்டு நினைச்சன்."
உதை நான் எழுதேல்லை.

உள்ள வர இன்னும் வழக்கு நடக்குது.
அம்மா சொன்ன "நடந்து" வெட்டியாச்சு.
அப்பா சொன்ன "மோட்டார்" அம்மா வெட்டச் சொன்னா.
கலனின்ர நிறத்தில ரெண்டு பேருக்கும் ஒற்றுமை,
ஆனால் மஞ்சளுக்கும் காசாம்.

பிறகு அம்மா கத்தியை வைச்சிட்டு,
ஆரிட்டையோ கோவிக்கிற குரலில,
"யேசுவே சீமோனின்ர வள்ளத்தை இரவல் கேட்டு ஏறினவர்தானே.
அந்தோனியார் தாவீதின்ர வள்ளத்தில ஏறினவர்.
அவருக்கென்ன, உங்கட அஞ்சாயிரம் கணக்குத் தெரியுமே?"

அப்பா ஒரு கண்ணியையே மூண்டு தரம் முடிஞ்சார்.

"அதை எழுதட்டே அம்மா?"
"வேண்டாம். பேப்பரில கண்டால் அவன் வெக்கப்படுவான்."

கடைசியா நிண்டது இவ்வளவுதான்:
கேட்ட வரம் தந்த கோடி அற்புதருக்கு நன்றி.
ஒரு குடும்பம், பாசையூர்.
ஒன்பது சொல். காசு குடுத்த சொல்
பதினாறு இன்னும் கிடக்குது.

"ஒரு குடும்பம் எண்டால்,"
அப்பா வலையைப் பாத்துக்கொண்டு கேட்டார்,
"ஆர் ஆர்?"

அம்மா அறுத்த மீனில
நடுத்துண்டாய் நாலு பொறுக்கி,
சட்டியில போட்டு, வாழையிலை கிழிச்சு மூடி,
"எஸ்தாக்கி, உதைக் கொண்டுபோய்ச் சித்தியிட்டைக் குடு.
படலையில நிண்டு கூப்பிடாத.
உள்ள போ."