முதலாகா எழுத்துகள்

மாட்டுங்கா நூலகத்தில்
எழுபத்திரண்டாம் வருடத்துப் பத்திரிகை பைண்டு.
எபனேசர் என்பவர் எழுதிய கதை ஒன்றைப்
போனில் படமெடுத்துக்கொண்டேன்.
மில் சங்கு, குழாயடிச் சண்டை, ஒரு பூனைக்குட்டி.
சுமார் ரகம்.

ஸ்லோ லோக்கலில் மூன்றாம் பக்கம் வந்தபோது
குர்லா கடந்திருந்தது.
ஒரு பத்தி "டப்பா" என்று தொடங்கியது.
டப்பாவுக்கும் கதைக்கும் ஒட்டே இல்லை.
இன்னொன்று "ராத்திரி."
நாலு வரி முன்புதான் கதாநாயகன் பல் விளக்கியிருந்தான்.

தமிழில் ட ஒரு சொல்லைத் தொடங்காது.
ர தொடங்க வேண்டுமென்றால்
முன்னால் ஓர் இ வந்து கதவு திறந்துவிட வேண்டும்.
பம்பாய்க்காரருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.
டப்பா, டாக்ஸி, ராத்திரி, ரேஷன்:
கடன் வாங்கிய எழுத்தைக்
காரியத்துக்கு வைத்திருக்கிறார் மனுஷர்.

ஆறு பத்தி. விரலை வைத்து
மேலிருந்து கீழே இறங்கினேன்.

வா
ட
கை
த
ரா
தே

காஞ்சூர்மார்க்கில் நான் இறங்கவில்லை.

தற்செயல் என்று சொல்லிப் பார்த்தேன்.
அவருடைய மற்ற கதைகளைத் துழாவினேன்:
மீகோபூஅஒ.
சுநாஇபெ.
மின்சார பில்லின் பின்பக்கத்தையும் விடவில்லை,
அதில் எநீகஅ என்று வந்தது.
ஒரு வாரம் எதைப் படித்தாலும்
இடது ஓரத்தை மட்டும் படித்தேன்.
மீதி வரி
வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் உட்கார்ந்தே இருந்தது.

ஒளிப்பதில் ஒரு தொல்லை உண்டு.
மெய்யெழுத்து முதலில் நிற்காது.
ஆகவே மெய் என்று ஒளிக்க முடியாது.
பொய் என்றும் முடியாது,
இரண்டுக்கும் அதே ய் வால்.
எபனேசருக்குத் தன் பெயரையே ஒளிக்க வழியில்லை,
கடைசியில் ஒரு ர் தொங்கும்.
தலையில் புள்ளி வைத்துக்கொண்டவர்களுக்கு
இந்த வரிசையில் இடமில்லை.
ஏவல் மட்டும்தான் தாராளமாய் நுழைகிறது:
வா, போ, கூடு, தராதே.

பைண்டின் கடைசி அட்டையில், எறும்பு அளவில்,
அச்சிட்டு வெளியிட்டவர் பெயர்.
கதையில் வரும் சாலுக்கும் அதே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
சால் இருந்த இடத்தில் இருபத்திரண்டு மாடி.
வாசலில் இஸ்திரி போடுகிறவர் தூத்துக்குடிப் பக்கம்.
"எபனேசரா? அப்பா சொல்லுவாரு.
பதினாலு மாச வாடகையக் குடுக்காம
ஓடிப்போன ஆளு."
கரியை ஊதினார்.
"அவரு மட்டுமில்ல. அந்த வருசம்
நாலு மாடியிலயும் ஒருத்தரும் குடுக்கலியாம்.
ஏன்னு தெரியல."
சட்டைக் கையை மடித்தார்.

ஐந்தாம் தேதி
என் வாடகை ஜிபேயில் போயிற்று.
பதினோரு மாத அக்ரிமென்ட், டெபாசிட் மூன்று மாதம்.
எனக்கு யாரும் கதை எழுதவில்லை.

வியாழக்கிழமை அந்தேரி ஆபீசுக்கு ஒரு வேலை வந்தது.
பில்டர் நோட்டீஸ், ஐந்து பத்தி,
தாராவியில் ஏழு சந்துக்கு வீடு வீடாய்ப் போகும்.
மராத்தி, இந்தி, தமிழ்.
வார்த்தைக்கு ஒரு ரூபாய் இருபது காசு.
காலி செய்தால் எவ்வளவு நன்மை என்று
தேன் சொட்டச் சொல்லியிருந்தது.
திரும்பி வருவதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்,
அதிலும் தேதி இல்லை.

இரவு ஒன்றரை வரை உட்கார்ந்தேன்.
பொருளில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
வரிசை மட்டும் கொஞ்சம் மாறியது,
மொழிபெயர்ப்பில் அது சகஜம்.

பிரதமேஷுக்குத் தமிழ் படிக்க வராது.
திரையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
ஃபான்ட் நன்றாக இருக்கிறது என்றான்.
நாலாயிரம் பிரதி.
ஓர் எழுத்தும் மாறாமல் அச்சானது இப்படி:

சாலையோரப் பூங்காவும் நடைபாதையும் இனி உங்கள் வாசலிலேயே.

விசாலமான லிஃப்ட், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்.

தவணைத் தொல்லை கிடையாது, செலவு முழுவதும் எங்கள் பொறுப்பு.

ராத்திரியிலும் காவல், ஒவ்வொரு மாடியிலும் கேமரா.

தேதி பின்னர் அறிவிக்கப்படும், அதுவரை எங்களை நம்புங்கள்.